சாகாத வைரஸ்

கல்யாணப் பத்திரிகை மறுபடியும் காணாமல் போயிருந்தது.

புஷ்பலதா நாற்காலியில் உட்கார்ந்தபடி திரையை முறைத்தாள். நேற்று சாயந்திரம் அடித்து முடித்து, பிழை திருத்தி, விட்டுப்போயிருந்த மாப்பிள்ளையின் சித்தப்பா பெயரையும் சேர்த்து, சேவ் செய்துவிட்டுத்தான் எழுந்தாள். சேவ் செய்தது அவளுக்கு நன்றாகத் தெரியும். நன்றாகத் தெரியும் என்பதுதான் இப்போது தொல்லையே. போன வாரம் ஞானஸ்நான அட்டை போனபோதும் நன்றாகத் தெரிந்தது. அதற்கு முன்னால் ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர் போனது. செத்தவர் வீட்டில் காத்திருந்து பார்த்துவிட்டு வேறு கடையில் அடித்துக்கொண்டார்கள். அப்போதும் அவளுக்கு நன்றாகத்தான் தெரிந்தது.

ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த புருஷனைக் கூப்பிட்டாள். சுகுமார் ரயில்வேயில் சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வந்து நின்றார். திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"சேவ் பண்ணியா?"

இந்தக் கேள்வியைக் கேட்காத ஆளே இரும்புலியூரில் இல்லை. மகள் ஜெரூஷா பெங்களூரிலிருந்து போனில் கேட்டாள். அச்சக முதலாளி கேட்டார். கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்ய வந்தவன் கேட்டான். சர்ச்சில் பக்கத்தில் உட்காருகிற அம்மாள், கம்ப்யூட்டரைக் கண்ணால் கண்டாளோ இல்லையோ, அவளும் கேட்டாள். முப்பது வருஷமாக ரயில் ஓட்டுகிறவனிடம் போய் பிரேக் எங்கே இருக்கிறது தெரியுமா என்று கேட்டால் அவனுக்கு எப்படி இருக்கும். புஷ்பலதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பண்ணினேன் என்று கத்தினாள். சுகுமார் ஸ்டூலை இழுத்துப்போட்டு ஏறி ஹால் ஃபேனைத் துடைக்க ஆரம்பித்தார். மனசு சரியில்லை என்றால் அவருக்கு வாய் பேசாது, கை ஃபேன் துடைக்கும். ஃபைல் காணாமல் போக ஆரம்பித்ததிலிருந்து அந்த வீட்டில் ஃபேன் றெக்கையில் முகம் பார்க்கலாம் போல இருந்தது.

அவள் வேலை பார்த்தது மேற்குத் தாம்பரத்தில் தனசேகரின் அச்சகத்தில். கல்யாணமான புதிதில் சேர்ந்தவள். முழங்கால் படியேற மாட்டேன் என்று அடம்பிடித்த பிறகு, அதே வேலையை வீட்டிலிருந்தே செய்துகொடுக்கிறாள். அந்தப் பக்கத்தில் காது குத்துகிறவர்கள், கடை திறக்கிறவர்கள், கரையேறிப் போகிறவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது அவள் விரலைத் தாண்டித்தான் போக வேண்டும்.

அந்த விரல்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவற்றுக்கு இங்கிலீஷ் தெரியாது. புஷ்பலதாவுக்குத் தெரியும், பி.ஏ. படித்தவள். விரல்களுக்குத்தான் தெரியாது. அச்சகத்தில் இன்னமும் பழைய பாமினி எழுத்துருதான். அதில் தமிழ் என்பது மேல்சட்டை, உள்ளே இருக்கும் ஆள் இங்கிலீஷ். 'க' வேண்டும் என்றால் f-ஐத் தட்ட வேண்டும், 'ம' வேண்டும் என்றால் k-ஐ. பக்கத்துக்குள் அடிக்கும்போது தமிழாகத் தெரியும். ஃபைலுக்குப் பெயர் வைக்கிற இடத்தில் மட்டும் சட்டை கழன்றுவிடும். 'கல்யாணம்' என்று அடித்தால் fy;ahzk; என்று வந்து நிற்கும். பார்க்கிறவர்களுக்கு அது விசைப்பலகை மேல் பூனை நடந்துபோன மாதிரி இருக்கும். புஷ்பலதாவுக்கு அது கல்யாணம்தான். கண் தானாகவே அப்படிப் படித்துவிடும். அச்சகத்தில் எல்லோருக்கும் அதே பழக்கம்; பெயர் வைப்பதற்காக இங்கிலீஷுக்கு மாறிக்கொண்டிருந்தால் கை வேகம் என்னத்துக்கு ஆகும். அதில் ஒரு வேடிக்கை, அவள் பெயரில் ஃபைல் வைக்க முடியாது. 'ஷ' உட்கார்ந்திருக்கும் குறியை ஃபைல் பெயரில் கம்ப்யூட்டர் ஏற்காது. ஊர் பெயரெல்லாம் ஏற்கும், என் பெயருக்குத்தான் இடமில்லை என்று அவள் அடிக்கடி குறைபட்டுக்கொள்வாள்.

முதல் இரண்டு ஃபைல் போனதும் பொத்தேரியில் கடை வைத்திருக்கும் நிகிலை வரவழைத்தார்கள். கல்லூரிப் பிள்ளைகளின் லேப்டாப்பெல்லாம் அவனிடம்தான் வரும். வந்தான், உள்ளே வெளியே எல்லாம் பார்த்தான். டிஸ்க் நன்றாக இருக்கிறது என்றான். வைரஸுக்கு மருந்து மாதிரி ஒன்றைப் போட்டான். குப்பைத்தொட்டியைத் திறந்து பார்த்து அதுவும் காலி என்றான். அவள் உள்ளே டீ போட்டுக்கொண்டிருந்தபோது வேறு ஏதோ ஒன்றை ஓடவிட்டுச் சுகுமாரிடம் காட்டிக்கொண்டிருந்தான். கிளம்பும்போது, "ஆன்ட்டி, நீங்க வேற எங்கயாவது சேவ் பண்ணிட்டு மறந்திருப்பீங்க" என்று சிரித்தான். அவன் குடித்த டீயைத் திரும்ப வாங்க முடியாதே என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

மீன் கொண்டுவரும் குப்பம்மா ஒருத்திதான் சேவ் பண்ணியா என்று கேட்கவில்லை.

"இன்னாம்மா, மூஞ்சி தொங்கிப்போய் கீது?" என்று கேட்டுவிட்டு, கதையைக் கேட்டுக்கொண்டே மத்தியைக் கழுவினாள். "வெச்ச பொருள் வெச்ச எடத்துல இல்லேன்னா எவனோ எடுத்துக்கினு பூட்டான்னுதான் அர்த்தம். நீ வெச்சதா சொல்றே இல்ல, அப்ப வெச்சேதான்" என்றாள்.

அந்த ஒரு வார்த்தைக்காகவே புஷ்பலதா அன்றைக்குத் தேவைக்கு மேல் மீன் வாங்கினாள்.

ஃபைல் போனால் மறுபடி அடித்துக்கொள்ளலாம். கை வலிக்கும், திட்டு விழும், அவ்வளவுதான். அவளைத் தூங்கவிடாமல் செய்தது வேறு. அது ரோஸி.

ரோஸி அவள் அக்கா. மாடம்பாக்கத்தில் வீடு. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவள். அவளிடம் வாய்ப்பாடு தப்பாகச் சொல்லிவிட்டுத் தப்பித்த பிள்ளை கிடையாது. முதலில் சாவி மறந்தது, பிறகு அடுப்பு, பிறகு பெயர்கள். வெச்சேன், இங்கேதான் வெச்சேன் என்று ரோஸியும் சத்தியம் செய்வாள். போன கிறிஸ்துமஸுக்குப் போனபோது கையைப் பிடித்து உட்காரவைத்து, சபையிலிருந்து வருகிறீர்களா அம்மா என்று மரியாதையாக விசாரித்தாள். அதையும் தாங்கிக்கொள்ளலாம். நாற்பது வருஷம் கூட வாழ்ந்த புருஷன் மாத்திரையோடு பக்கத்தில் வந்தபோது அவள் சுவரோரம் ஒதுங்கி நடுங்கியதுதான் புஷ்பலதாவின் கண்ணைவிட்டுப் போகவில்லை. யாரோ ஒரு ஆம்பிளை வீட்டுக்குள் வந்துவிட்டான் என்று ரோஸி பயந்தாள்.

எனக்கும் அதுதான் ஆரம்பிக்கிறதா. இதை அவள் யாரிடமும் கேட்கவில்லை. ஆனால் வீட்டில் எல்லோரும் கேட்காமலே பதில் சொல்ல ஆரம்பித்தார்கள். ஜெரூஷா போனில் மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக, எல்.கே.ஜி. பிள்ளையிடம் பேசுவதுபோலப் பேசினாள். பூட்டிய கதவைச் சுகுமார் இன்னொரு தடவை ஆட்டிப் பார்த்தார். கடைசியில் சேலையூரில் ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார்.

டாக்டர் மாம்பழம், சாவி, ரயில் என்று மூன்று வார்த்தை சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கேட்பேன் என்றார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைக்கச் சொன்னார். குறைத்தாள். மாம்பழம், சாவி, ரயில் என்றாள். அதோடு, வெளியே ஒட்டியிருக்கிற போர்டில் உங்கள் பட்டத்துக்கு நடுவில் ஒரு புள்ளி விட்டுப்போயிருக்கிறது என்றும் சொன்னாள். டாக்டர் சிரித்து, அம்மா நன்றாகத்தான் இருக்கிறார் என்றார். அப்போது சுகுமார் குனிந்து தணிந்த குரலில், "இல்ல டாக்டர், சேவ் பண்ணதா நினைச்சுக்கறா" என்றாரே, அதை அவள் சாகும்வரை மறக்கப்போவதில்லை. எது மறந்தாலும் இது மறக்காது.

அன்றைக்கு மத்தியானம் அவர் தூங்கும்போது அவள் ஒரு புது ஃபைல் திறந்தாள். யாருக்கும் அடித்துக்கொடுக்க இல்லை, தனக்கு. நாளைக்கே ரோஸி மாதிரி ஆகிவிட்டால், திறந்து படித்துத் தெரிந்துகொள்ள. அதற்குச் 'சுகுமார்' என்று பெயர் வைத்தாள்.

இவர் பெயர் சுகுமார், உன் புருஷன், என்று ஆரம்பித்தாள். காபிக்குச் சர்க்கரை வேண்டாம் என்பார். போடாமல் கொடுத்தால் முகம் கோணும். அரை ஸ்பூன் போட்டுவிட்டுப் போடவில்லை என்று சொல்ல வேண்டும். ஜெரூஷா பிறந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அழுதார், கேட்டால் கண்ணில் தூசி என்பார். கோபமோ வருத்தமோ வந்தால் பேசமாட்டார், ஃபேன் துடைப்பார், அப்போது ஸ்டூலைப் பிடித்துக்கொள், விழுந்துவிடுவார். இவர் வெளி ஆள் இல்லை. இவரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

அதை எழுதும்போது அவள் அழவில்லை. மறுநாள் ஃபைலைத் தேடியபோது அழுதாள்.

மறுபடி அடித்தாள். அதுவும் போயிற்று. மறுபடி அடித்தாள். நாலாவது தடவை போன பிறகு ஒரு மாற்றம் வந்தது. ஃபைல் எங்கே போனது என்று அவள் தேடுவதை நிறுத்தினாள். அதை எழுதினோமா, அல்லது எழுதியதாக நினைத்துக்கொள்கிறோமா என்று யோசிக்கத் தொடங்கினாள். ஒருவேளை நாலு தடவையுமே நினைப்புதானோ. புருஷன் டாக்டரிடம் சொன்னது சரிதானோ. இதைவிட ஒரு மனுஷிக்குக் கீழே இறங்க இடம் கிடையாது.

பத்திரிகை இரண்டாம் தடவையாகக் காணாமல் போன செய்தி கேட்டுத் தனசேகர் நேரிலேயே வந்துவிட்டார். அவள் அடிக்கட்டும், சுடச்சுட பென் டிரைவில் வாங்கிக்கொண்டு போகிறேன் என்று ஹாலில் உட்கார்ந்துகொண்டார். நல்ல மனுஷன், கோபப்படத் தெரியாது. அதனாலேயே அவர் வந்து உட்கார்ந்தது அவளுக்கு அவமானமாக இருந்தது. ஒரே மூச்சில் அடித்து முடித்து, அவர் கண்ணெதிரே பென் டிரைவில் போட்டுக்கொடுத்துவிட்டுக் காபி கலக்க அடுக்களைக்குப் போனாள். பாலை ஏற்றினாள்.

ஹாலில் சுகுமார் குரலைத் தணித்தார். ரயில்வேக்காரர் குரல் தணிந்தாலும் அடுத்த பிளாட்ஃபாரம் வரை கேட்கும்.

அவளைத் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், அவளுக்கு இப்போதெல்லாம் கொஞ்சம் ஞாபகம் சரியில்லை என்று ஆரம்பித்தார். அடுக்களையில் நின்றவளுக்குக் காது கொதித்தது. ஆனால் எல்லாமே அவள் தப்பு என்றும் சொல்ல முடியாது, என்று மேலே போனார். இந்தக் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்திருக்கிறது. மழைக்காலத்தில் கரண்டு போய் அவள் ஃபைல் ஒன்று அழிந்தபோதே அவருக்குச் சந்தேகம் வந்ததாம். வீடியோவில் ஒருவர் தெளிவாக விளக்கியிருக்கிறாராம். பெயரைப் பார்த்தாலே தெரிந்துவிடுமாம், மனுஷன் வைத்த பெயராகவே இருக்காதாம். திறந்து பார்க்கக் கூடாது, திறந்தால் பரவும். நேரே அழித்துவிட வேண்டும். அதுவும் ஷிஃப்டை அழுத்திக்கொண்டு அழித்தால்தான் குப்பைத்தொட்டியிலிருந்து எழுந்து வராது. தினமும் காலையில் அவள் நடைக்குப் போனதும் இவர் உட்கார்ந்து வேட்டையாடுகிறார். அவளிடம் சொல்லவில்லை. ஏற்கெனவே பயந்திருக்கிறாள், எல்லாம் தீர்ந்த பிறகு சொல்லலாம் என்று வைத்திருக்கிறார். நிகில்கூட அன்றைக்கு அழிந்ததையெல்லாம் தோண்டிப் பார்த்துவிட்டு, வெறும் குப்பைதான் அங்கிள் என்று சொன்னானாம்.

தனசேகர் நாற்காலியில் நெளியும் சத்தம் கேட்டது.

"ஒண்ணு மட்டும் சாகவே மாட்டேங்குது சார்" என்றார் சுகுமார். "நாலு தடவை கொன்னுட்டேன். மறுபடி அதே பேர்ல வந்து நிக்குது. எனக்குப் பேரே மனப்பாடம் ஆயிடுச்சு. ஆர், எஃப், ரெண்டும் பெரிய எழுத்து. அப்புறம் சின்னதா கே, ஹெச், யூ. கடைசியா ஒரு செமிகோலன்."

அடுப்பு மேடையின் கருங்கல்லில் புஷ்பலதாவின் கை இருந்தது. அவள் யோசிக்கவில்லை. விரல்கள்தான் நகர்ந்தன. இடது சுண்டுவிரல் ஷிஃப்டில் அமர்ந்தது. ஆர், சு. எஃப், கு. ஷிஃப்ட் எழுந்தது. கே, ஹெச், மா. யூ, செமிகோலன், ர். கல்லின் மேல் விரல்கள் ஒரு தடவை எழுதின. நம்பாமல் இன்னொரு தடவை எழுதின.

பால் பொங்கி மேலே வந்தது. அந்த நேரத்திலும் அடுப்பை அணைத்துவிட்டுத்தான் வெளியே வந்தாள். அணைக்க வேண்டும் என்று ஞாபகம் இருந்தது.

"இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள்.

சுகுமார் திடுக்கிட்டு எழுந்தார். சொல்ல வேண்டாமா சொல்லலாமா என்று தனசேகரைப் பார்த்தார். தனசேகர் தன் செருப்பை எங்கே விட்டோம் என்று தேடுகிறவர்போல வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் சுகுமார் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார்.

"அது வைரஸ் இல்ல" என்றாள். "அது உங்க பேரு."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் நாற்காலியில் உட்காரவைத்து, காலிப் பக்கத்தைத் திறந்து, நீங்களே அடியுங்கள் என்றாள். ஒற்றை விரலால் அவர் தட்டினார். பெரிய ஆர் போட்டார், 'சு' வந்தது. பெரிய எஃப் போட்டார், 'கு' வந்தது. மூன்றாவது எழுத்துக்கே விரல் தயங்கியது. ரயில்வேயில் எத்தனையோ சிக்னலைப் பார்த்த மனுஷன், தன் பெயர் முழுசாக வந்து நின்றதும் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

தனசேகர் மெல்ல, "பாமினி எழுத்துக்கா இந்தக் கதி" என்று முனகினார். பிறகு பத்திரிகை பத்திரமாக இருக்கிறது அக்கா, நான் வருகிறேன் என்று காபிகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார். தெருமுனை போய்த்தான் சிரித்திருப்பார்.

அதற்குப் பிறகு புஷ்பலதா பேசியதையெல்லாம் எழுதினால் இந்தக் கதை ஞானஸ்நானம் எடுத்தவள் கதை மாதிரி இருக்காது. வேலியே பயிரை மேய்ந்தது என்பார்கள். இங்கே வேலி மேய்ந்ததோடு நிற்கவில்லை, பயிர் குறைகிறதே என்று கவலைப்பட்டு இன்னும் மும்முரமாகக் காவல் காத்திருக்கிறது. ஒரு ஃபைல் போனால் வைரஸ் வேலை என்று இன்னும் இரண்டு ஃபைலைக் கொல்வது, அவை போனதற்காக அவளை டாக்டரிடம் கூட்டிப்போவது. ஞானஸ்நான அட்டை, அஞ்சலி போஸ்டர், கல்யாணம், எல்லாம் இந்தக் கையால். விசைப்பலகையைத் தூக்கி அவர் தலையில் போடலாமா, முழங்கால் வலியை மறந்து ஹாலில் ஒரு சுற்று ஆடலாமா என்று அவளுக்கே தெரியவில்லை. ஏனென்றால் அவள் மறக்கவில்லை. ஒன்றையும் மறக்கவில்லை. வைத்தேன் என்றால் வைத்தேன்தான். குப்பம்மா சொன்னது சரி.

"எனக்குப் பைத்தியம் பிடிக்குதுன்னு நெனச்சேங்க" என்றாள். கத்தி ஓய்ந்த தொண்டையில் அது தணிவாகத்தான் வந்தது. "ரோஸி மாதிரி ஆயிட்டேன்னு நெனச்சேன்."

சுகுமார் தலை நிமிரவில்லை. மன்னிப்புக் கேட்கத் தெரியாத மனுஷன். கடைசியில் கேட்டது வேறு.

"என் பேர்ல நாலு தடவை எதுக்கு அடிச்சே? அதுல என்ன இருந்துது?"

"மறந்துட்டேன்" என்றாள் புஷ்பலதா.

அவர் முகம் வெளுத்துப்போனது. கொஞ்சம் பயந்து பார்க்கட்டும் என்று அப்படியே விட்டாள். அடுக்களைக்குப் போய் ஆறின பாலைச் சூடாக்கி, காபி கலந்து, சர்க்கரை அரை ஸ்பூன்கூடப் போடாமல் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் வாங்கிக் குடித்தார். கசப்புக்கு முகம் கோண வந்ததை அடக்கிக்கொண்டு கடைசிச் சொட்டுவரை குடித்தார். அவள் டம்ளரை வாங்கிவைத்துவிட்டு, தள்ளுங்கள் என்று அவரை எழுப்பிவிட்டு, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள்.

ஐந்தாவது தடவை. இவர் பெயர் சுகுமார், உன் புருஷன். விரல்கள் ஓடின. ஒரு வரி மாறவில்லை, ஒரு வார்த்தை இடம் பிசகவில்லை. அவர் பின்னால் நின்று படிக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. மூச்சு கழுத்தில் பட்டது. சர்க்கரை வரியில் அந்த மூச்சு ஒரு தடவை நின்றது. ஆஸ்பத்திரி வராந்தாவில் இன்னொரு தடவை நின்றது. இவர் வெளி ஆள் இல்லை, இவரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம் என்று முடித்தாள். கொஞ்சம் யோசித்து இன்னொரு வரி சேர்த்தாள்: கம்ப்யூட்டர் பக்கம் மட்டும் விடாதே.

சேவ் செய்தாள். திரும்பிப் பார்த்தபோது பின்னால் ஆள் இல்லை.

ஹாலில் ஸ்டூலை இழுக்கும் சத்தம் கேட்டது. காலையில்தான் அந்த ஃபேனைத் துடைத்திருந்தார். அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, ஸ்டூலைப் பிடித்துக்கொள்ளப் போனாள்.